மூன்றாவது ஆளின் நேரம்

நான் நன்றாகச் சைக்கிள் ஓட்டுவேன் என்பதற்காக ஜெஸ்வின் என்னை அணியில் சேர்க்கவில்லை. நாலு பேர் கொண்ட அணியில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும் என்று போட்டி விதியில் போட்டிருந்தது, அவ்வளவுதான். அதை அவன் மறைக்கவும் இல்லை. ஒடுகத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்து, பஞ்சால் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு எதிரிலேயே சொன்னான்.

"ஒரு லேடி இருக்கணும்னு ரூல்க்கா. நீங்க சும்மா வந்தா போதும். மத்தத நாங்க பாத்துக்குறோம்."

எங்கள் ஊரிலிருந்து ஒடுகத்தூருக்கு ஒன்பது கிலோமீட்டர். பதினோரு வருடமாக அதைத் தினமும் மிதித்து வந்து மிதித்துப் போகிறேன். ஜெஸ்வின் சிமெண்டுக் கடைக்கு மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். இருபத்தொன்பது வயது. அவன் கூடத்தில் எடைக்கற்களைவிடக் கண்ணாடிகள் அதிகம். அவன் சைக்கிள் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் அவன் ஒடுகத்தூரைத் தாண்டிப் போன படங்களைவிட, அதன் பக்கத்தில் நின்று எடுத்த படங்களே நிறைய.

அப்படிப்பட்டவன் 'சும்மா வந்தா போதும்' என்றதும் நான் ஏன் சரி என்றேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஒடுகத்தூர் ரோட்டில் கூட்டமாக ஓட்டுவார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்து வந்துகொண்டிருந்த என்னைத் தாண்டிப் போகும்போது ஒருவன் கையைத் தட்டி, "கமான் ஆன்ட்டி" என்றான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஹேண்டில்பாரில் அரைக்கிலோ கறி தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவனையாவது ஏற்றத்தில் தாண்டிப் போகவேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து எனக்குள் இருந்தது. அற்ப ஆசைதான். அதற்காக ஜெஸ்வின் போன்றவனுக்குத் தலையாட்டினேன்.

மற்ற இருவர் சைலஸ் சாரும் தீர்த்தகிரியும். சைலஸ் சார் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், எங்கள் சபையின் கமிட்டியிலும் இருக்கிறார். யாரிடமும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர். அதை அன்பு என்று ஊரில் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். தீர்த்தகிரி காவலூருக்குப் பக்கத்து மலைக்கிராமத்தான். சாமையும் புளியும் அவன் வெள்ளாமை. மலைமேல் எங்கே போவதென்றாலும் சைக்கிள்தான். அதிகம் பேசமாட்டான். மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே ஆள் என்பது போலத்தான் எங்களைப் பார்ப்பான்.

அணிக்கு 'ஜவ்வாது வாரியர்ஸ்' என்று ஜெஸ்வின் பேர் வைத்தான். எனக்குத் தந்த பனியன் ஆண்கள் அளவு. தோள் முழங்கைக்கு வந்தது.

போட்டியில் மூன்று பாதைகள். சனிக்கிழமை காலை அமிர்தியிலிருந்து மலைமேல் ஏறும் பாதை. அன்று மதியம் காவலூரிலிருந்து பதினேழு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரும் பாதை. ஞாயிறு காலை காவலூரிலிருந்து ஆலங்காயம் இறங்கி, சமவெளியில் ஒடுகத்தூர் வரை. பதினான்கு அணிகள். ஓர் அணியில் மூன்றாவதாக வந்து சேருகிறவரின் நேரம்தான் அந்த அணியின் நேரம். மூன்று பாதை நேரத்தையும் கூட்டி இடம் தருவார்கள். ஆக, நால்வரில் ஒருவர் எவ்வளவு பின்தங்கினாலும் நஷ்டமில்லை. அந்த ஒருவர் நான் என்று மூன்று ஆண்களும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள்.

அமிர்தியில் காலை ஆறு மணிக்கு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னிடம் வந்து, "தண்ணி பாட்டில் எங்க குடுப்பீங்க?" என்று கேட்டாள். நான் திரும்பி முதுகில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினேன்.

"ஓ, நீங்களும் ஓட்றீங்களா? சூப்பர்" என்றாள். குழந்தை முதல்முறையாகச் சட்டை பட்டனைத் தானே போட்டுக்கொண்டால் சொல்வோமே, அந்தக் குரலில்.

கொடி அசைந்ததும் ஜெஸ்வின் சென்னைக்காரர்களின் முதல் கூட்டத்தோடு பாய்ந்து போனான். போகும்போது எங்களைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். நாலாவது கொண்டை ஊசி வளைவில் அவனைப் பார்த்தேன். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சங்கிலியைச் சரிபார்ப்பது போல் குனிந்திருந்தான். சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் வாய் மீனைப் போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. என் சைக்கிள், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டர் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட பழைய கியர் சைக்கிள். ஆனால் ஏற்றத்தில் மூச்சை எப்படிப் பங்கு பிரிப்பது என்று எனக்குத் தெரியும். மேலே போகப் போக ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போனார்கள். 'சூப்பர்' பெண்ணும் போனாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கக்கூட இல்லை. அதுதான் சரியான மரியாதை என்று தோன்றியது.

எங்கள் அணியில் தீர்த்தகிரி முதலில் வந்தான், நான் இரண்டாவது. ஜெஸ்வின் வர நெடுநேரம் ஆயிற்று. அவன்தான் மூன்றாவது, அவனுடையதுதான் அணியின் நேரம். அதில் ஏழாம் இடம். சைலஸ் சார் அவனுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நான் வேணும்னேதான் ஸ்லோ பண்ணேன்" என்றான் ஜெஸ்வின். "மதியத்துக்கு எனர்ஜி வேணும்ல."

தீர்த்தகிரி ஒரு கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்க்காமலே, "வாந்தி எடுத்தவன் வாயத் தொடச்சிக்கினு பேசணும்" என்றான்.

ஜெஸ்வினின் பனியனில் உண்மையிலேயே ஒட்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்பு அவனைக் குத்தியிருக்க வேண்டும். 'சும்மா வந்தா போதும்' என்று கூட்டிவந்தவள் முன்னால் போய்விட்டாள், போனதோடு சிரிக்கவும் செய்தாள். நாள் முழுக்கக் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

வேனில் எங்களைக் காவலூருக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மணிக்கு இரண்டாவது பாதை. பதினேழாவது கிலோமீட்டரில் ரோட்டின் நடுவே ஒரு டிரம் வைத்திருப்பார்கள், அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். டிரம்முக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டில் எண்களை எழுதிக்கொள்வார். மின்னணுக் கருவி எல்லாம் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான்.

ஜெஸ்வின் இந்த முறையும் முதல் கூட்டத்தோடு பாய்ந்து போனான். அந்தப் பாதையில் நான் ஓட்டியது போல் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. தீர்த்தகிரியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டேன். முன்னால் போகிறவன் காற்றை உடைத்தால் பின்னால் வருகிறவருக்குக் கால்வாசி உழைப்பு மிச்சம். அவன் களைத்தால் நான் முன்னால் போவேன். பெங்களூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவைகூட முன்னால் வந்து காற்றை வாங்கவில்லை. விலை உயர்ந்த ஒட்டுண்ணிகள்.

டிரம்முக்கு இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். அதன் உச்சியிலிருந்து டிரம் வரை ரோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். தார் இளகி, ஜல்லித்தூள் சக்கரத்தில் ஒட்டி மட்கார்டில்லாத சைக்கிள்களின் முதுகெல்லாம் அடித்தது. டிரம்மைச் சுற்றும்போது அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் எண்களை உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஜெஸ்வினை எங்கேயும் காணவில்லை. எதிரே வந்துகொண்டிருந்தவர்களில் சைலஸ் சார் மட்டும் கையசைத்தார்.

முடிவுக் கோட்டில் ஜெஸ்வின் எங்களுக்கு முன்னால் வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, இவ்ளோ லேட்டு?" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அப்போது பலகையில் நேரம் போட்டார்கள். ஜெஸ்வின் முதல், தீர்த்தகிரி இரண்டாவது, நான் மூன்றாவது. என் நேரம்தான் அணியின் நேரம். இரண்டாவது பாதையில் மூன்றாம் இடம், இரண்டையும் கூட்டினாலும் மூன்றாம் இடம். அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். என் கால்களிலிருந்து வந்த எண் அது. ஊர் பேர் தெரியாத ஆட்கள் அதை நின்று படித்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தேன். டயரில் தாரோடு ஒட்டியிருந்த ஜல்லியைச் சாவியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தீர்த்தகிரியும் அதையே செய்தான். கடைசியாக வந்து சேர்ந்த சைலஸ் சாரின் டயரிலும் அப்பியிருந்தது. எங்கள் மூன்று சைக்கிளுக்கு நடுவே ஜெஸ்வினின் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் டயர்கள் கடையிலிருந்து எடுத்துவந்ததைப் போலச் சுத்தமாக இருந்தன.

நான் பார்ப்பதைத் தீர்த்தகிரி பார்த்தான். ஜெஸ்வினும் பார்த்தான்.

"தொடச்சிட்டேன்" என்றான் ஜெஸ்வின்.

"தாரு தொடச்சா போவாது" என்றான் தீர்த்தகிரி. "ஏத்தத்துக்கு கீழ மோரிப் பாலம் கீது. அதுக்குப் பின்னாடி நின்னுக்கினு, மொத கும்பலு திரும்பி வந்ததும் சேந்துக்கினியா?"

"டேய், எல்லா டீமும் ஏதோ ஒண்ணு பண்ணுதுடா. நான் இன்னா கொலையா பண்ணேன்? எல்லாம் டீமுக்குத்தான்."

"டீமுக்கா?" என்றேன். "நீ ஒழுங்கா வந்திருந்தா நீ எனக்குப் பின்னாடி வந்திருப்ப. காலைல மாதிரி. அத ஒன்னால தாங்க முடியல."

சைலஸ் சார் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து, "மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்க. நாலு பேரு பாக்குறாங்க" என்றார். அநியாயம் நடந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை, சத்தம்தான் உறுத்தியது. கமிட்டியிலும் அவர் அப்படித்தான்.

நான் நேராக அந்த டிரம் பெரியவரைத் தேடிப் போனேன். பேர் பஞ்சாட்சரம், வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட மைதானத்தில் போட்டிருந்த பந்தலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணியின் எண்ணைச் சொன்னதுமே தலையாட்டினார்.

"மூணு பேருதாம்மா சுத்துனீங்க. நாலாவது நம்பரு வரல. நோட்ல தனியா எழுதி, நானே கொண்டும்போயி அருள்மணி சார்கிட்ட குடுத்தேன். வாங்கிப் பாத்தாரு. சரி சரின்னு பாக்கெட்ல வெச்சிக்கினாரு."

அருள்மணி போட்டியை நடத்தும் நிறுவனத்தின் முதலாளி. வேலூரில் பிறந்து சென்னையில் குடியேறியவர். மேடையில் பேசும்போது மட்டும் 'நம்ம மண்ணு' என்பார். பந்தலுக்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எங்கள் அணிக்கு மூன்றாவதாக சைலஸ் சாரின் நேரத்தைப் போடவேண்டும், என் நேரத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். அந்த நேரம் என்னுடையது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரும்மா. நீ நல்ல பொண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அப்பவே தெரியும். ஒங்களால கீழ எறங்கின டீம்கிட்டயே கேட்டுட்டேன். அவங்க நேஷனல்ஸுக்கு ப்ராக்டிஸ் பண்ண வந்தவங்க, இந்த கப்பு அவங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. 'பாவம், லோக்கல் ஆளுங்க, வெச்சிக்கட்டும் சார்'னுட்டாங்க. மூணாவது பரிசு லோக்கல் டீமுக்குப் போனா எல்லாருக்கும் சந்தோஷம். பேப்பர்ல போட்டோ வரும். அடுத்த வருஷம் பர்மிஷன் வாங்கறப்ப எனக்கும் சுளுவு. நீ ஏன் மனசப் போட்டு கொழப்பிக்கிற?"

பாவம் என்ற சொல்லை ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறவள் நான். அதற்குத் தண்டனை உண்டு, மன்னிப்பு உண்டு என்று கேட்டிருக்கிறேன். எங்களுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. திருடியவனைப் பிடிப்பதற்குக்கூட அவனை ஒரு ஆளாக மதிக்கவேண்டும். ஜெஸ்வினை அவர்கள் திருடனாகக்கூட மதிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடும்போது உள்ளே புகுந்துவிட்ட பிள்ளையை, போகட்டும் சாப்பிடட்டும் என்று விடுவார்களே, அப்படி விட்டிருந்தார்கள். அவனோடு சேர்த்து என்னையும்.

"எங்க நேரத்த மாத்துங்க சார்" என்றேன்.

"மாத்த முடியாதும்மா. ரிசல்ட் போட்டாச்சு." அவர் சிரித்தார். "போய் ரெஸ்ட் எடு. நாளைக்கு நல்லா ஓட்டணும்."

அன்று நான் தங்கியது தீர்த்தகிரியின் வீட்டில். ஆண்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அருள்மணி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'பாவம்' என்ற இடத்தில் ஜெஸ்வினின் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன்.

அவன் தரையைப் பார்த்தபடியே, "அப்ப மூணாவது ப்ரைஸ் கன்ஃபார்ம்னு சொல்றீங்க" என்றான்.

மனிதன் இவ்வளவு கீழே போகமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தீர்த்தகிரி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அவன் மனைவி அம்சவல்லி சாமைச் சோறு கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் ஏன் பேசாமல் இருக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"இத்தினி தூரம் மிதிச்சிக்கினு போயி திரும்ப அதே எடத்துக்குத்தான வரீங்க?" என்றாள் என்னிடம். "அதுக்கு இத்தினி மூஞ்சியா?"

சாப்பிட்டதும் ஜெஸ்வின் பந்தல் பக்கம் போனான். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தான். எங்களால் கீழே இறங்கிய அந்தப் பெங்களூர் அணியைப் பார்க்கப் போனதாகச் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"வாங்க தம்பின்னாங்க. வாழப்பழம் குடுத்தாங்க. 'லோக்கல் ஹீரோ'ன்னு சொல்லி எல்லாரும் கூட நின்னு போட்டோ எடுத்துக்கினாங்க. நான் மோரிக்குப் பின்னாடி நின்னதப் பாத்தாங்களாம். ஒருத்தரு கேக்கறாரு, 'அங்க யூரின் போவவா நின்னீங்க?'ன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க."

வாழைப்பழம் இன்னும் அவன் கையில் இருந்தது. அதைத் தின்பதா எறிவதா என்று தெரியாமல் வைத்திருந்தான். நான் பரிதாபப்படவில்லை. ஆனால் அவன் குரலில் முதன்முறையாகக் கண்ணாடி பார்க்கும் தோரணை இல்லை.

"நாளைக்கு நெஜமா ஓட்றேங்க்கா" என்றான்.

"ஓட்டு. எனக்கு இன்னா?" என்றேன்.

சைலஸ் சார் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு ஓட்டுவோம். ஓட்டி முடிச்சிட்டு, மேடையில நான் சொல்லிடறேன். இந்தப் பரிசு எங்களுக்குச் சேராதுன்னு நானே சொல்றேன்." எங்கள் மூவரையும் பார்க்காமல் அவர் அதைச் சொன்னார். நான் நம்பவில்லை.

ஞாயிறு காலை காவலூரில் பனி இறங்கியிருந்தது. ஆலங்காயம் இறக்கம் முழுக்க ஈரம். சைலஸ் சார் இரண்டாவது வளைவிலேயே பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ரப்பர் தேயும் வாடை வந்தது. அதோடு அவர் பின்தங்கிப் போனார். ஆக நாங்கள் மூவர், மூவருமே கணக்கு. ஒருவர் விழுந்தாலும் அணி முடிந்தது.

தீர்த்தகிரி முன்னால் போனான். அந்த இறக்கத்தின் ஒவ்வொரு வளைவும் அவனுக்குத் தெரியும். தலையைத் திருப்பாமல் சொல்லிக்கொண்டே போனான்.

"இதுல மணலு. உள்ள வா."

"இங்க பிரேக்கு புடிக்காத. வுடு."

"மாடு நிக்கும். எடது பக்கம்."

மாடு நின்றது, இடது பக்கம்தான். எங்களுக்கு முன்னால் போன ஒருவன் அதைப் பார்த்துப் பயந்து புதரில் போய் உட்கார்ந்திருந்தான். விலை உயர்ந்த சைக்கிளின் சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அடிபடவில்லை, திட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் நிற்கவில்லை.

கீழே ஆலங்காயம் தாண்டியதும் எதிர்க்காற்று. தீர்த்தகிரி களைத்துப்போனான். ஏற்றமும் இறக்கமும்தான் அவன் ஊர், சமவெளி அவனுக்கு வெளியூர். எனக்கும் தொடையில் நெருப்பு. அப்போது ஜெஸ்வின் எங்கள் இருவரையும் தாண்டி முன்னால் போனான். வழக்கம்போல் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். அவன் எனக்கு ஒரு முழம் முன்னால் வந்து, அங்கேயே நிலைத்துக்கொண்டான். என் வேகத்துக்கு வந்தான். காற்று முழுக்க அவன் நெஞ்சில்.

"ஒட்டிக்கோங்க" என்றான்.

"மாறி மாறி போலாம்" என்றேன்.

"வேணாம்."

ஒடுகத்தூர் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறைகூட அவன் பின்னால் வரவில்லை. நெல் வயல், செங்கல் சூளை, கல்லறைத் தோட்டம், எல்லாம் அவன் முதுகுக்கு இரண்டு பக்கமும் ஓடின. அவன் மூச்சு உறுமலாக வந்துகொண்டிருந்தது. எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது பெங்களூர்க்காரர்களைப் பிடித்தோம். நேற்று வாழைப்பழம் தந்தவர்கள். அவர்கள் எங்கள் பின்னால் ஒட்டப் பார்த்தார்கள். ஜெஸ்வின் எழுந்து நின்று மிதித்தான். அவர்கள் மூவரில் இருவரால்தான் எங்களோடு வரமுடிந்தது. மூன்றாமவர் பின்தங்கினார், மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துவிட்டு அவருக்காக வேகத்தைக் குறைத்தார்கள்.

அன்றைய பாதையில் எங்களுக்கு நாலாம் இடம். யாரும் தரவில்லை, நாங்களே எடுத்தது. ஜெஸ்வின் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு அப்படியே சாய்ந்து விழுந்தான். நான் அவனைத் தூக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் பக்கத்தில் வைத்தேன். நேற்று அதே கால்கள்தான் மோரிக்குப் பின்னால் நின்றன. இப்படி ஓட்டத் தெரிந்தவன் அப்படி நின்றான் என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மொத்தத்தில் மூன்றாம் இடம் எங்களுக்கே. மேடையில் அருள்மணி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "மலை பெற்ற பிள்ளைகள்" என்றார். நால்வரில் மூவர் கீழ்நாட்டார். மலை பெற்ற ஒரே பிள்ளை அப்போது அங்கே இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டதென்று, சைக்கிளைப் பஸ்ஸின் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். போகும்போது என்னிடம் மட்டும், "நீ நல்லா ஓட்டறக்கா. கூட்டாளிதான் சரியில்ல" என்றான். தன்னையும் சேர்த்துச் சொன்னானா என்று தெரியவில்லை.

சைலஸ் சார் சொன்னபடியே செய்தார். அது எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் வரிசையை நேராக்கும் குரலில், "இரண்டாவது பாதையில் எங்கள் அணியில் ஒருவர் முழுத் தூரம் போகவில்லை. அந்த நேரம் செல்லாது. இந்தப் பரிசு எங்களுக்குச் சேராது" என்றார். முழுவதையும் சொன்னார்.

அருள்மணி அவர் தோளில் கைபோட்டு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா, எவ்வளவு வெள்ளந்தியான மனசு. இதுதாங்க நம்ம மண்ணு."

எல்லாரும் கைதட்டினார்கள். பெங்களூர்க்காரர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். சைலஸ் சார் வாயைத் திறந்தபடி நின்றார். கோப்பையை ஜெஸ்வினின் கையில் திணித்தார்கள்.

நான் மேடைக்குப் பின்னால் நேரம் பதிவு செய்யும் மேசைக்குப் போனேன். தேவி என்ற பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முடித்த வயது. போட்டியிலிருந்து விலக என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"இப்பவா? எல்லாம் முடிஞ்சிடுச்சேக்கா."

"முடிஞ்ச பிறகு விலகக் கூடாதுன்னு விதி இருக்குதா?"

அவள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். நான் எதிர்பார்க்காத அக்கறையோடு புரட்டினாள். முடிவுகள் கையெழுத்தாகி வெளியாகும்வரை எந்த அணியும் விலகலாம், கேப்டன் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. ஒரு படிவத்தை எடுத்துத் தந்தாள். "அருள்மணி சார் ஒத்துக்க மாட்டாரு" என்றாள். பிறகு, "ஆனா ஃபார்ம் வந்தா நான் ஏத்தித்தான் ஆவணும்" என்றாள்.

எங்கள் கேப்டன் ஜெஸ்வின். படிவத்தோடு மேடைக்குக் கீழே போய் நின்றேன். ஜெஸ்வின் கோப்பையைப் பிடித்துக்கொண்டு புகைப்படக்காரர்களுக்கு நடுவே இருந்தான். பேனாவை மேலே நீட்டினேன். அவன் படிவத்தைப் படித்தான். கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இத போட்டா ஒங்க டைமும் போயிடுங்க்கா" என்றான்.

"தெரியும்."

"இன்னிக்கு ஓட்டுனதும்."

"அதுவுந்தான்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஒரே ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன். அப்புறம் போட்டுடறேன்" என்றான்.

நான் பேனாவை நீட்டியபடியே நின்றேன். அவன் நிமிர்ந்து, கோப்பையை நெஞ்சளவுக்குத் தூக்கி, பல் தெரியச் சிரித்தான். புகைப்படக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்று நாலு எடுத்தார். பிறகு ஜெஸ்வின் கோப்பையை மேடை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவந்து, என் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். தேவி அதை வாங்கிக் கணினியில் ஏற்றினாள். அருள்மணி ஓடிவந்து பார்த்தபோது ஏறிவிட்டிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. "நல்லது செய்யப் போனா இப்படித்தான்" என்று தேவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இறுதிப் பட்டியலில் பதின்மூன்று அணிகளுக்குக் கீழே எங்கள் பேர் இருந்தது. நேரம் போட வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன. பக்கத்தில் 'விலகினர்' என்று ஒரு சொல். மூன்றாம் பரிசு பெங்களூர் அணிக்குப் போயிற்று. அவர்கள் அதற்குள் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். கோப்பையை வாங்க ஆள் இல்லை.

மறுநாள் ஜெஸ்வின் அந்தப் படத்தை முகநூலில் போட்டான். கோப்பையோடு, பல் தெரிய. 'மூன்றாம் இடம். கடின உழைப்புக்குப் பலன்' என்று மேலே எழுதியிருந்தான். இருநூறுக்கு மேல் விருப்பங்கள். நான் பரிசோதனை நிலையத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் அதைப் பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கீழே ஒரே சொல் எழுதினேன்.

'விலகினோம்.'

அதைப் பஞ்சாட்சரம் ஐயாவும் சைலஸ் சாரும் விரும்பியிருந்தார்கள். ஜெஸ்வின் பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.